தூண்களுக்கு நடுவே பெருக்குகிறவள்

நான் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவள். வேங்கிக்காலில் ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வேலை. ஊரின் அந்த ஓரத்தில் புதிதாக எழும்பிய வீடுகளில் பலவற்றின் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று தீர்மானித்தது நான்தான். எனக்குக் கோடு வரும். சுவர், தூண், மாடிப்படி எல்லாம் வரும். மனிதர்கள்தான் வர மாட்டார்கள். முகப்புப் படத்தில் வாசலில் ஓர் ஆளை நிறுத்தச் சொன்னால், கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் உருவம் ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன்.

அம்மா கோயிலில் பெருக்குகிறவளாக இருந்தாள். இருபத்தாறு வருடம். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய், முதல் கூட்டம் உள்ளே வருவதற்குள் கிளி கோபுரத்துக்கு உட்பக்கம் இருக்கிற பிரகாரத்தைப் பெருக்கி முடித்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "எங்கம்மா கோயில்ல வேல செய்றாங்க" என்பேன். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். பூக்கட்டுகிறாள் என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பொறியாளருக்கே பல வருடம் தெரியாது.

முழங்கால் வலி அதிகமாகி அம்மா கோயில் வேலையை விட்டாள். சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. அடி அண்ணாமலைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்த பெல்ஜியத்துப் பெண்மணி ஒருவருக்கு இரண்டு வருடம் சமைத்துப் போட்டாள். அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒருத்தர் மின்விசிறியை எடுத்துக்கொண்டார், ஒருத்தர் கட்டிலை. என் அம்மா ஓர் அட்டை டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். திறந்தால் ஆயிரம் துண்டுகள். ஒன்றோடொன்று பொருத்தினால் டப்பாவின் மேலே இருக்கிற படம் வரும்.

"இன்னாம்மா இது?"

"கோயிலு. அவங்க ஊரு கோயிலு. தூண பாரு, எப்டி நிக்குது."

"மிக்ஸி எட்த்துனு வந்திருக்கலாமில்ல?"

"மிக்ஸிதான் நம்மகிட்ட இருக்குதே."

டப்பாவுக்குள் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தது. அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். இது ஃபிளெமிஷ் ஓவியம். பெல்ஜியத்தின் வடக்குப் பக்கத்துக்காரர்கள் வரைந்தது. நானூறு வருடத்துக்கு முன்னால் ஆண்ட்வெர்ப் என்கிற ஊரில், தேவாலயத்தின் உட்புறத்தை வரைவதையே தொழிலாகக் கொண்ட ஓவியர்கள் இருந்தார்கள். பலகையில் ஓர் இடத்தில் ஊசி குத்தி, அங்கிருந்து நூல் இழுத்து, எல்லாக் கோடுகளும் அந்தப் புள்ளியில் போய்ச் சேரும்படி தூண்களையும் தரையையும் போடுவார்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பாலிடெக்னிக்கில் நாங்கள் குத்திய அதே ஊசி, அதே நூல். தாளில் இன்னொரு விஷயமும் இருந்தது. கட்டடத்தை வரைகிறவர் பெரும்பாலும் மனிதர்களை வரைய மாட்டார். காலியான தேவாலயத்தை முடித்து வேறோர் ஓவியரிடம் கொடுத்துவிடுவார். அவர் ஆட்களைப் போட்டுத் தருவார்.

"ஒன்ன மாதிரிதான்" என்றாள் அம்மா.

கூடத்தில் என் பழைய வரைபலகையைத் தரையில் போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தோம். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளாமலே வேலை பிரிந்தது. நான் தூண்களையும் வளைவான கூரையையும் சேர்த்தேன். அம்மா ஆட்களைச் சேர்த்தாள். இறகு வைத்த தொப்பியோடு இரண்டு ஆண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். ஊன்றுகோல் வைத்த ஒருவர் கையேந்தினார். தூணடியில் ஒரு பெண் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாய்கள். ஒன்று தூணை முகர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் ஒரு சின்னப் பூசாரி, ஒரு சின்ன விளக்கு. பெரிய கூரைக்குக் கீழே அவரவர் பாட்டுக்கு அவரவர்.

கடைசித் துண்டு சேர்ந்த அன்று அம்மா விரலை வைத்துப் படத்தை ஒரு மூலையிலிருந்து தேட ஆரம்பித்தாள். தூண் தூணாகத் தேடினாள்.

"எதம்மா தேடற?"

"இவ்ளோ பெரிய எடம். நாயி வேற வந்துனு போவுது. பெருக்கறவ எங்க?"

"வேல முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பா."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முடிச்சிட்டுப் போற வேலயாடி அது?"

அதற்குப் பிறகு செல்போனில் அந்த வகைப் படங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். எத்தனையோ தேவாலயங்கள். நாய் இல்லாத படம் அபூர்வம். பிச்சை கேட்பவர்கள், குழந்தைகள், கை கோத்து நடக்கும் தம்பதிகள். நான் பார்த்தவரை துடைப்பம் வைத்த ஒருத்தி கிடைக்கவில்லை. ஏதாவதொரு படத்தில் இருக்கலாம். எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அலுவலகப் பலகையில் பொறியாளர் ஒரு நோட்டீஸை ஒட்டினார். ஊரில் ஓவியப் பிரியர்களின் சங்கம் ஒன்று, வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சி நடத்துகிறது. தலைப்பு, "நம்ம கோயில்." யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம்.

"நீதான் பர்ஸ்பெக்டிவ் நல்லா போடுவியேம்மா, ஒண்ணு அனுப்பேன்" என்றார் அவர்.

நான்கு மாதம் எடுத்தது. வாரம் இரண்டு நாள், அலுவலகத்துக்குப் போகும் முன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பேன். போட்டோவைப் பார்த்து வரைய எனக்கு விருப்பமில்லை. லென்ஸ் தூண்களை வளைத்துவிடும். டேப் பிடித்து அளந்தால் யாராவது வந்து ஏன் என்று கேட்பார்கள். வீட்டில் உட்கார்ந்து, காலடிக் கணக்கில் தூரத்தைக் குறித்துக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு தூணுக்கு நடுவுல பதினோரு வீச்சு."

"இன்னா வீச்சு?"

"தொடப்ப வீச்சு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சொல்றேன், எழுதிக்க. மூணாவது தூணாண்ட மட்டும் ஒரு வீச்சு ஜாஸ்தி. அங்க கல்லு சரிஞ்சி கெடக்கும். தண்ணி தேங்கும்."

ஒரு வீச்சு எவ்வளவு என்று கூடத்தில் பெருக்கிக் காட்டினாள். அளந்துகொண்டேன். மறுநாள் போய் என் காலடிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்தான் இரண்டு இடத்தில் தப்பாக எண்ணியிருந்தேன். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் கல் சரிந்திருந்தது. பதினெட்டு வருடமாக அளவு எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவள் நான்.

தூண்கள் முடிந்தன. ஊசி குத்திய இடத்தில், பிரகாரத்தின் கடைசியில், இருட்டுக்குள் ஒரு விளக்கின் பொட்டு. அவ்வளவுதான், சாமி படத்தில் இல்லை. இனி ஆட்கள். எனக்கு ஆட்களைப் போட்டுத் தர இன்னோர் ஓவியர் இல்லை. நானே போட வேண்டும் என்று முடிவு செய்தேன். இரவல் உருவம் கூடாது.

தூணில் சாய்ந்து பால் கொடுக்கும் ஒரு பெண்ணைப் போட்டேன். அதற்கு ஆண்ட்வெர்ப் போக வேண்டியதில்லை, எந்த நாளும் நம் கோயிலில் இருக்கிறாள். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கும் ஒரு பெரியவர். ஒரே தொன்னையில் புளியோதரை சாப்பிடும் இரண்டு கல்லூரிப் பெண்கள். வெயில் விழும் இடத்தில் ஒரு நாய். நடுவில், எல்லாக் கோடுகளும் போகிற வழியில், பெருக்குகிறவள்.

அவளுக்கு மாதிரியாக அம்மாதான் நின்றாள். நான் போட்டதைப் பார்த்து மூன்று தரம் அழிக்க வைத்தாள்.

"இப்டி குனிஞ்சா அரை மணி நேரத்துல இடுப்பு போயிடும். எடது கைய மடக்கி முதுகுல வெச்சிக்குவோம். இப்டி. கால அகட்டி வையி. தல நிமிந்திருக்கும், எதிர்ல யாரு வராங்கன்னு பாக்கணுமில்ல? வெலகலன்னா திட்டுவாங்க."

அந்தக் கையை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏன் முதுகில் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வரைந்து முடித்தபோது அந்தச் சின்ன உருவம் என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. ஆனால் அது அம்மாதான். யார் பார்த்தாலும் தெரியும். என்னாலும் ஓர் ஆளை வரைய முடிந்திருக்கிறது.

சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பதமாகப் பேசுகிறவர்.

"பில்டிங் பிரமாதம்மா. இன்ஜினியர் சாருகிட்ட சொன்னேன், இப்டி ஒரு தூண் வரிசைய நான் பார்த்ததே இல்லன்னு. ஆளுங்கதான் கொஞ்சம்…"

"ஆளுங்களுக்கு இன்னா சார்?"

"சாமி இருக்கற எடத்துல தொடப்பம், நாயி, அந்தப் பால் குடுக்கறது… பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? நம்ம சங்கத்துல ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்காரு. ஆளுங்க நல்லா போடுவாரு. பட்டுப்புடவ கட்டுன ஒரு குடும்பம், தேங்கா தட்டோட, அழகா போட்டுக் குடுப்பாரு. உங்க பேரும் இருக்கும், அவரு பேரும் இருக்கும்."

டப்பாவுக்குள் இருந்த தாள் எனக்கு ஞாபகம் வந்தது. ஒருவர் கட்டடம், இன்னொருவர் ஆட்கள். ஆண்ட்வெர்ப்பில் அது வழக்கமாக இருந்திருக்கும். அங்கே ஒரு காலிக் கூடத்தில்தான் ஆட்களைப் போட்டார்கள். இங்கே இருக்கிற ஆட்களை அழித்துவிட்டு வேறு ஆட்களைப் போடச் சொல்கிறார்.

"அதுல பெருக்கறவங்க எங்கம்மா சார்" என்றேன்.

வாழ்க்கையில் முதல் முறையாக வெளி மனிதர் ஒருவரிடம் அதைச் சொன்னேன்.

"அப்டியா. சந்தோஷம். ஆனா பாருங்க, அது உங்க குடும்ப விஷயம். இது பொது நிகழ்ச்சி. யோசிச்சி சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன் சார். ஒரு ஆளையும் எடுக்க மாட்டேன்."

திறப்பு நாள் காலையில் அம்மா கல்யாணத்துக்குப் போவது போலப் புறப்பட்டாள். மண்டபத்தில் நாற்பது படங்களாவது இருக்கும். எல்லாம் ராஜகோபுரம், மலை, தீபம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சுவரில் ஒரு சீட்டு. என் படத்துக்கு மட்டும் சீட்டு சுவரில் இல்லை. கண்ணாடியின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். "எண் 23. கோயில் உட்புறம்." பெரிய எழுத்து. மிகச் சரியாக அம்மாவின் மேல். தலை, துடைப்பம், முதுகில் மடக்கிய கை, எதுவும் தெரியவில்லை. சீட்டின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மா படத்துக்கு முன்னால் நின்று தன்னைத் தேடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நான் எங்கடி?"

நான் சீட்டின் மூலையை நகத்தால் நெம்பினேன். பாதிதான் வந்தது. மீதிப் பசை ஒட்டிக்கொண்டு வெள்ளையாக நின்றது. அம்மா முந்தானை நுனியைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, எந்தப் பதற்றமும் இல்லாமல், துடைக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அது பழக்கமான வேலை. சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் வேகமாக வந்தார்.

"இன்னாம்மா இது, சீஃப் கெஸ்ட் வர்ற நேரத்துல. அப்பறம் பேசிக்கலாம், கைய எடுங்க."

"சீட்ட ஏன் சார் அங்க ஒட்டுனீங்க?"

"எங்கனா ஒட்டணுமில்ல? தற்செயலா அந்த எடத்துல வந்துடுச்சி."

"மத்த முப்பத்தொம்பது படத்துல தற்செயலா செவுத்துல வந்துடுச்சா?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோயில அசிங்கப்படுத்தற மாதிரி இருக்குன்னு நாலு பேரு சொன்னாங்கம்மா, நான் இன்னா பண்றது?" என்றார்.

துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்தினாள். "இன்னா சார் அசிங்கம்? கோயில் உள்ள நீங்க வெறுங்கால்ல தானே நடக்கறீங்க? கால்ல ஒரு முள்ளு குத்தியிருக்குதா? எச்சி இலை ஒட்டியிருக்குதா? இருபத்தாறு வருஷம் நான்தான் பாத்துக்கினேன். அதத்தான் எம் பொண்ணு போட்டிருக்கறா."

செயலாளர் வாசல் பக்கம் பார்த்தார். கடைசியில், "சீட்டு இருந்தா படம் இருக்கும். சீட்டு இல்லன்னா படத்த எட்த்துனு போங்க" என்றார்.

நான் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன்.

வெளியே வரும்வரை எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. கை வலித்தது. வீட்டுக்குப் போகலாம் என்று ஆட்டோவைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். அப்போது மண்டபத்து வாசலைத் திரும்பிப் பார்த்தேன். சீஃப் கெஸ்டின் கார் வந்து நின்றுகொண்டிருந்தது. இப்படியே வீட்டுக்குப் போனால், பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த அதே பெண்ணாகத்தான் போவேன் என்று தோன்றியது. சாலைக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்ப மரம். அதன் அடியில் இளநீர்க்காரர் வண்டி. அவரிடம் கேட்டேன். "வண்டிய மறைக்காம வெச்சிக்கம்மா, எனுக்கு இன்னா" என்றார். படத்தை மரத்தில் சாய்த்து வைத்தேன். மண்டபத்து வாசலைப் பார்த்தபடி.

மூன்று நாள் அங்கேயே நின்றேன், அம்மாவும் கூடவே. அலுவலகத்துக்கு விடுப்பு சொன்னேன். காலையில் வந்து படத்தை வைப்பேன், இருட்டும் முன் எடுத்துப் போவேன்.

முதல் நாள் பலரும் என்னவென்று தெரியாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். விற்பனைக்கா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நின்று முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, "எதுக்குமா இப்டி கோயில கொறச்சி காட்டறீங்க?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். நான் சொன்னேன், "குறைக்கலங்க. உள்ள இருக்கறவங்கள வெளிய அனுப்பாம வரைஞ்சிருக்கேன்." அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பஸ் வரும்வரை படத்தின் பக்கத்திலேயே நின்றார்.

இரண்டாம் நாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். "பர்மிஷன் இருக்குதாமா?"

"மரத்தடியில ஒரு படத்தோட நிக்கறதுக்கு பர்மிஷன் வேணுமா சார்?"

அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் விறைப்பு போய்விட்டது. "இது கிளி கோபுரத்துக்கு உள்ள தானே? பௌர்ணமிக்கு பௌர்ணமி எனக்கு அங்கதான் டூட்டி. இந்தத் தூணுகிட்டதான் நிப்பேன்." விரலால் காட்டினார். பிறகு, "ரோட்டுல கூட்டம் சேராம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் பொறியாளர் வந்தார். செயலாளருக்கு அவர் பழைய நண்பர். எனக்காகப் பேச்சு வாங்கியிருப்பார் என்று தெரியும். படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "சொல்லியிருக்கலாமேம்மா, இத்தன வருஷத்துல" என்றார் என்னிடம். எதைச் சொல்கிறார் என்று புரிந்தது. நான் தலையை ஆட்டினேன். கார் டிக்கியைத் திறந்து அலுவலகத்துப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து, அம்மாவுக்குப் போட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை வேலை முடிந்து, கோயிலில் பெருக்கும் பெண்கள் ஐந்து பேர் பஸ் ஏறி வந்தார்கள். அம்மாதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மண்டபத்துக்குள் நாற்பது பேர் சொல்வதைவிட இந்த ஐந்து பேர் சொல்வதற்குத்தான் பயந்தேன்.

உயரமான ஒருத்தி முதலில் வாய் திறந்தாள். "தொடப்பம் தப்பு."

"ஏங்க்கா?"

"புதுசா கீது. இவ்ளோ நீட்டு குச்சி எந்த நாளுமா நம்ம கையில குடுத்தாங்க? தேஞ்சி இத்தினிக்கூண்டு ஆன அப்பறம்தான் மாத்துவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா ரொம்பச் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்தேதான் விட்டிருக்கிறாள். "வெச்சிக்கட்டும்னு உட்டேன். படத்துலயாவது புதுசு கெடைக்கட்டும்" என்றாள்.

இன்னொருத்தி, கட்டையான உருவம், விடாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்கம்மாவ போட்ட, சரி. நாங்கள்லாம் எங்க போனோம்? ஒருத்தியா அவ்ளோ எடத்தையும் பெருக்குனா? அந்தக் கோடியில நான்தானே இருப்பேன்? என்ன வுட்டுட்டியே."

அவள் சொன்னது நியாயம். நானும் ஆட்களைத் தவற விட்டவள்தான். "தப்புதான்க்கா" என்றேன்.

சாயங்காலம் கண்காட்சி முடிய இரண்டு மணி நேரம் இருந்தது. செயலாளர் சாலையைக் கடந்து வந்தார். களைத்திருந்தார். உள்ளே வந்தவர்களில் பலர் வெளியில் இருக்கிற படத்தைப் பற்றியே கேட்டதாக இளநீர்க்காரர் எனக்குச் சொல்லியிருந்தார்.

"உள்ள கொண்டாந்து ஓரமா மாட்டிக்கங்கம்மா. சீட்டு இருக்கும், ஆனா கொஞ்சம் தள்ளி, நாயி மேல ஒட்டிக்கலாம்."

"நாயும் மறைய வேணாம் சார்."

"இவ்ளோ பிடிவாதம் நல்லதில்ல."

"நல்லதில்லாமலே இருக்கட்டும் சார். நாங்க இங்கியே இருக்கோம்."

அவர் தலையை அசைத்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்குள் ஒரு வெறியான சந்தோஷம். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆட்டோவில் படத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ரவுண்டானா தாண்டிய பிறகு அம்மா சொன்னாள்.

"உள்ள மாட்டியிருக்கலாம்."

"நாய மறைக்கறாங்களேம்மா."

"நாயி கோச்சிக்காது. நான் இருந்த எடம் உள்ளதான்டி. எந்தக் காலத்துலயும் நான் வாசலுக்கு வெளிய நின்னவ இல்ல. மூணு நாளு வெளிய நிக்க வெச்சிட்ட."

அது சுருக்கென்று பட்டது. இன்றைக்கும் யோசிக்கிறேன். யாரை மறைத்தாலும் சம்மதிக்க மாட்டேன் என்று நான் நின்றது சரி. அம்மா சொன்னதும் சரி. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வருத்தப்படச் சொன்னால் வருத்தப்பட மாட்டேன். ஆனால் அடுத்த முறை உள்ளேயே நிற்பேன், உள்ளேயிருந்து நகர மாட்டேன் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

இந்த வருடமும் சங்கம் நோட்டீஸ் போட்டிருக்கிறது. பொறியாளர் பலகையில் ஒட்டவில்லை, நேராக என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். அனுப்பப்போகும் படம் பாதி முடிந்துவிட்டது. முதல் படத்தைப் போல இரண்டு மடங்கு அகலம். தூண்கள் தயார். இந்தத் தடவை ஆறு பேர், ஆளுக்கு ஒரு தூண் வரிசை. நோட்டீஸில் இருந்த நம்பருக்கு நானே போன் செய்து, பெருக்குகிறவர்களை வரைகிறேன், ஆறு பேர் இருப்பார்கள், மறைத்தால் மண்டபத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். செயலாளர், "அனுப்புங்க, பாக்கலாம்" என்றார். மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஐந்து பேரில் மூன்று பேர் நிற்பதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கட்டையான உருவம் கொண்டவள் தனக்கு முன் வரிசைதான் வேண்டும் என்றாள். உயரமானவளும் அதையே கேட்டாள். அவள் முன்னால் நின்றால் பின்னால் இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள் என்று அம்மா சொன்னாள். அதற்கு உயரமானவள், "அப்போ நான் உக்காந்துக்கறேன், வெத்தல போடற நேரம்னு போட்டுக்க" என்று கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பெருக்குகிறவளை நான் இதுவரை யோசித்ததே இல்லை. நல்ல யோசனை. அசையாமல் இருங்க என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவினேன்.